நோட்டில் போடாத நாலாவது கட்டம்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூத்தவள் போனைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். அதில் ஒரு குள்ளப் போர்வீரன் நின்றுகொண்டிருந்தான். பெரிய வாளைத் தொட்டால் வாள் அவன் கைக்கு வந்துவிடுகிறது. ஆனால் பக்கத்தில் கேடயம் இருந்த கட்டம் கறுத்துப் போகிறது.

"இது ஏம்ப்பா இப்படி? ரெண்டும் என்கிட்ட இருக்கு. ரெண்டையும் சேத்துப் போட விடமாட்டேங்குது."

"போன் கேடாயி" என்றான் இளையவன்.

முந்தின நாள் ஒரு பழைய வீட்டில் வயரிங் வேலை. தோள் இரண்டும் கழன்றுவிடும்போல இருந்தது. "பெறகு சொல்றேன் மக்களே" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். தோள்வலியால்தான் படுத்தேன் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அது பாதிதான் உண்மை. அந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு நன்றாகத் தெரியும். மூத்தவளின் வயதில் நானே கண்டுபிடித்த பதில் அது. கண்டுபிடித்ததைச் சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்லாமல் விட்டேன். அதனால்தான் நாக்கு எழவில்லை.

எழுதினால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாது என்பதால் உங்கள் இரண்டு பேருக்கும் எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நிறுத்தியவன். பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். தமிழ் எழுத்து அம்மா சொல்லித் தந்தது. பிழை இருந்தால் அம்மாவிடம் கேளுங்கள் என்று சொல்லவும் இப்போது வழியில்லை.

இதில் வருகிற அப்பா உங்கள் தாத்தா. அவருடைய இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "இது ஏன் தாத்தா கோணலா இருக்கு?" என்று இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்பீர்களே, நினைவிருக்கிறதா? "ஒரு தடவ விழுந்தேன்" என்பார். அதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வராது.

அப்போது நாங்கள் கழக்கூட்டத்தில், ஹைவேயிலிருந்து உள்ளே இறங்குகிற மண்பாதையில், ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே ஓட்டுக்கூரையின் கீழே வரிசையாக ஐந்து வீடுகள். ஐந்திலும் திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பங்கள். கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களுக்காகச் சுற்றிலும் பிளாட் எழும்பிக்கொண்டிருந்தது. காலையில் வாய் கொப்பளித்துத் துப்பினால் சிமெண்ட் நிறத்தில் விழும். கொடியில் காய்ந்த சட்டையை அம்மா இரண்டு உதறு உதறாமல் மடிக்க மாட்டாள். மழை பெய்தால் அந்தத் தூசியெல்லாம் ஓட்டில் இறுகிப்போய், வெயில் வந்ததும் சுட்ட சுண்ணாம்பு மாதிரி ஒரு வாடை வரும். என் வயதுக்காரர்கள் இதைப் படித்தால் அந்த வாடை அவர்கள் மூக்குக்கு வந்துவிடும்.

அப்பா சிறிய உருவம். ஏழாவது படித்த நான் அவர் காதுவரை வந்துவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு வேலை கொடுத்த மேஸ்திரிக்கு ஒரு வழக்கம் இருந்தது. காலையில் ஷெட்டிலிருந்து சாமான்களையெல்லாம் எடுத்து, மணலில் சாக்கை விரித்து, சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசையாக வைப்பார். ஒரு கோடியில் கரண்டி, உளி, சுத்தி. மறு கோடியில் கடப்பாரை, கூடம். எல்லாவற்றுக்கும் கடைசியில், சுவரை உடைக்கிற கரண்ட் மெஷின். சிப்பிங் மெஷின் என்பார்கள். பின்னால் ஒரு பிடி, முன்னால் ஓர் உளி, நடுவில் கனம். ஆட்கள் ஒவ்வொருவராக அவர் முன்னால் வந்து நிற்க வேண்டும். மேஸ்திரி தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையிலிருக்கும் கம்பால் ஒரு சாமானைத் தட்டுவார். அன்றைக்கு அந்த ஆளுக்கு அதுதான். வேலை தெரியுமா என்பதெல்லாம் அப்புறம். முதலில் அளவு.

அப்பா வந்து நின்றால் கம்பு யோசிக்காமல் உளியைத் தட்டும். சுவரில் வயர்க்குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டுகிற வேலை. அந்த உளியின் பிடியில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருந்தார். அவர் வெட்டிய பள்ளம் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும். இன்றைக்கு நான் அதே வேலையில் இருக்கிறேன். அந்த நேர் எனக்கு வரவில்லை. ஆனாலும் வேலையிடத்தில் அவருக்குப் பேர் 'அரை ஆளு.' "அரை ஆளு வந்தாச்சா? அப்ப எண்ணிக்கை சரியா வராதே" என்று யாராவது சொல்வார்கள். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார்.

பெரிய அதிகாரிகள் பார்வையிட வருகிற நாளில் மட்டும் எல்லாருக்கும் மஞ்சள் தொப்பி கொடுப்பார்கள். அப்பாவுக்கு அது மூக்குவரை இறங்கும். துண்டை மடித்து உள்ளே திணித்துக்கொள்வார். அவர்கள் வண்டி திரும்பியதும் தொப்பிகள் ஷெட்டுக்குப் போய்விடும்.

இனி கம்ப்யூட்டருக்கு வருகிறேன்.

வீட்டுக்காரம்மாவின் மகன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். ஒரே பள்ளிக்கூடம். அவன் அப்பா வளைகுடாவில் இருந்தார். லீவில் வந்தபோது மகனுக்குக் கம்ப்யூட்டர் வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். பின்பக்கம் பானை மாதிரி துருத்திக்கொண்டிருக்கும் பழைய ரகம். வீட்டுக்காரம்மா அதற்குப் பூப்போட்ட உறை தைத்திருந்தார். அந்த உறையை மடித்து நாற்காலி முதுகில் போடுவதுதான் என் பொறுப்பு. செருப்பை வாசலில் விட்டு, காலைக் கழுவி, அப்புறம் உள்ளே போக வேண்டும். திரை எரியத் தொடங்கியதும் அதன் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் முடியெல்லாம் சிலிர்த்துக்கொண்டு நிற்கும்.

மாடியில் குடியிருந்த ஒரு சாஃப்ட்வேர் சேட்டன் வீட்டைக் காலி செய்தபோது அவனுக்கு ஒரு சிடி கொடுத்துவிட்டுப் போனார். அதில் இருந்ததுதான் அந்த விளையாட்டு. படம் என்று ஒன்றுமே கிடையாது. கறுப்புத் திரையில் வெறும் எழுத்துகள். சின்ன எழுத்து என்றால் குள்ளர்கள், பெரிய எழுத்து என்றால் பூதம், ராட்சதக் கரடி. மலையைக் குடைந்து குள்ளர்களுக்கு ஒரு கோட்டை அமைத்துக் கொடுக்க வேண்டும். அவர்களுக்குப் பசிக்கும், தூக்கம் வரும், கூட இருந்தவன் செத்தால் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்துவிடுவார்கள். நடப்பதையெல்லாம் திரையின் கீழே ஆங்கிலத்தில் வரி வரியாக எழுதிக்காட்டும். அவன் படித்து அர்த்தம் சொல்லுவான்.

அந்த விளையாட்டில் தனியாக ஒரு களம் இருந்தது. எந்தப் பிராணியை வேண்டுமானாலும் அதில் இறக்கி, எந்த ஆயுதத்தை வேண்டுமானாலும் கொடுத்து, என்ன ஆகிறது என்று பார்க்கலாம். நாங்கள் கோட்டையை விட்டுவிட்டுக் களத்திலேயே கிடந்தோம். ஏனென்றால் அங்கே ஒரு ரகசியம் இருந்தது. ஒவ்வொரு பிராணிக்கும் உடம்பளவு என்று ஒன்று உண்டு. ஆயுதத்தின் அளவு மாறாது. பிடிக்கிற உடம்புதான் மாறும். உடம்பு மிகவும் சிறியதாக இருந்தால் அந்த ஆயுதத்தைத் தூக்கவே முடியாது. போதுமான அளவு பெரியதாக இருந்தால் ஒரே கையால் வீசலாம். நடுவில் அகப்பட்டவன் இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். எந்த ஆயுதத்துக்கு எந்த அளவு வேண்டும் என்று விளையாட்டு சொல்லாது. நாங்களாகவே ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்துக் கண்டுபிடித்தோம். குள்ளன் இரண்டு கையாலும் கட்டிப் பிடிக்கிற கோடரியைப் பூதம் பல்குச்சி மாதிரி ஒரு கையில் வைத்துக்கொண்டு நிற்கும். அணில் மனிதன் என்று ஒருவன் உண்டு. அவன் ஒரு கறிக்கத்தியை இரண்டு கையாலும் பிடித்தான் என்று வந்தபோது நாங்கள் சிரித்த சிரிப்பில் வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார்.

"எந்தா பிள்ளேரே, படிக்குகயாணோ?"

"அதே அம்மே, படிக்குகயா" என்றான் அவன்.

என் அம்மாவும் அப்படித்தான் நம்பினாள். பைப்படியில், "எம்மவன் கம்ப்யூட்டர் படிக்கான்" என்று ஐந்து வீட்டுக்கும் சொல்லி வைத்திருந்தாள்.

கண்டுபிடித்ததை எழுத ஒரு நீள நோட்டு போட்டேன். பழுப்புத்தாள் அட்டை. ஆயுதத்துக்கு ஒரு பக்கம். இடது ஓரத்தில் பிராணியின் பேர். அப்புறம் மூன்று கட்டம்: ஒரு கை, இரண்டு கை, முடியாது. வீட்டுக்காரம்மா மகன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணு கூடி வேணமடா" என்றான். இன்னொரு கட்டமும் வேண்டுமாம்.

"எதுக்கு?"

"மற்றே கை. அந்தக் கையில எந்தாணு இருக்குன்னு எழுதண்டே?"

மறு கையில் என்ன இருக்கிறது என்று எழுத வேண்டாமா என்கிறான். "தாள்ல எடமில்ல" என்றேன். உண்மையில் ஓரத்தில் இடம் இருந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு முடித்த பிறகு இன்னொரு கோடு போடச் சோம்பல். அவ்வளவுதான்.

ஒரு வாரம் முழுக்க ஒரு குள்ளனுக்கு விடாமல் இறைச்சி கொடுத்துப் பார்த்தோம், வளர்ந்து பெரிய வாளைத் தூக்குவானா என்று. 'தடித்துவிட்டான்' என்று வந்தது. வாளைத் தூக்கவில்லை. வீட்டிலும் நான் என் தட்டிலிருந்த மீன் துண்டை அப்பா தட்டில் எடுத்து வைத்தேன். "என்னல, மீனு பிடிக்கலியா?" என்று அதைத் திருப்பி என் தட்டிலேயே வைத்தார்.

ஒரு சனிக்கிழமை அப்பாவுக்குச் சோறு கொண்டு போனேன். அன்றைக்கு வேலையிடத்தில் கூட்டமாக நின்றார்கள். மெஷின் பிடிக்கிற ஆள், பெரிய உடம்புக்காரர், ஊரோடு போய்விட்டார். புது ஆளைப் பிடிக்க மேஸ்திரி பரீட்சை வைத்துக்கொண்டிருந்தார். மெஷினை வலது கையால் தூக்கி நெஞ்சுக்கு நேரே பிடிக்க வேண்டும். இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். மேஸ்திரி ஒரு பீடியைப் பற்றவைத்து முதல் புகையை விடும்வரை மெஷின் தாழக் கூடாது. இடது கை ஏன் பின்னால் போக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

யாரும் கூப்பிடாமலே அப்பா முன்னால் போய் நின்றார். மெஷின் கையில் வந்தால் அரை ஆளு என்று எவனும் கூப்பிட மாட்டான் என்று அவர் அம்மாவிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன்.

தீப்பெட்டி உரசுகிற சத்தம் கேட்பதற்குள் மெஷினின் மூக்கு மணலில் குத்தி நின்றது.

"போதும்வே, போதும்" என்றார் மேஸ்திரி. "உமக்கு அந்த உளியேதான் பொண்டாட்டி. இத வச்சுக் குடும்பம் நடத்த முடியாது."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா வழக்கம்போலச் சேர்ந்து சிரிக்கவில்லை. நான் நிற்பதைப் பார்த்துவிட்டார். தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு, "மெஷினு கெட்ட சூடுல. அதான் கை வழுக்கிட்டு" என்றார்.

அன்றைக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் மெஷினுக்கு என்று ஒரு பட்டியல் எழுதினேன். பூதம், கரடி, மேஸ்திரி, அப்பா, அணில் மனிதன். அப்பாவுக்கு நேரே எந்தக் கட்டத்தில் புள்ளி வைப்பது என்று பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தேன். 'முடியாது' என்ற கட்டத்தில் வைக்கக் கை வரவில்லை. நடுக்கட்டம் ஒன்று இருக்கிறதே என்று அப்போதுதான் தோன்றியது.

அப்பா பைப்படியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். ஓடினேன்.

"எப்பா, ரெண்டு கையாலயும் பிடிச்சா முடியும்."

"எதச் சொல்லுத?"

"மெஷின. ஒரு கையாலதான் பிடிக்கணும்னு என்ன இருக்கு? குள்ளனுங்கல்லாம் அப்படித்தான் பிடிக்கானுங்க. எத்தன பேர வச்சுப் பாத்தாச்சு. நோட்டுல இருக்கு."

ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நோட்டை வாங்கினார். நின்றபடியே பக்கம் பக்கமாகப் புரட்டினார். என் எழுத்தை அவர் அத்தனை நேரம் பார்த்தது அதுதான் முதல் தடவை. கடைசிப் பக்கம் வந்ததும் சிரித்துவிட்டார்.

"மேஸ்திரி கரடிக்குக் கீழயா வாரான்? நல்லா வேணும். எனக்குக் கீழ யாருல இது, அணில் மனுசன்?"

"அவன் கறிக்கத்தியவே ரெண்டு கையாலதான் பிடிப்பான்."

"பாவம்" என்றார் அப்பா.

அம்மா கதவருகில் வந்து நின்றாள். "கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துச் சொல்லுதான். சும்மா சொல்லுவானா? நீங்க போய்க் கேளுங்க."

திங்கட்கிழமை காலை அப்பா கேட்டார். நான் பள்ளிக்குப் போகிற வழியில் மண்பாதை ஓரமாக நின்று பார்த்தேன்.

"ரெண்டு கையாலயா?" மேஸ்திரி பீடியை வாயில் வைத்துக்கொண்டே யோசித்தார். வேறு ஆள் கிடைக்கவில்லை. வேலை தேங்கிக் கிடந்தது. "செரி, பிடியும். தாழ விட்டா அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கப்பிடாது."

அப்பா மெஷினைத் தூக்கினார். வலது கை பிடியில், இடது கை அடியில். மேஸ்திரி தீக்குச்சியை உரசினார், காற்றில் அணைந்தது. இரண்டாவது குச்சியும் அணைந்தது. மூன்றாவது உரசும்போதே தலை பறந்துவிட்டது. அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது, மெஷின் தாழவில்லை. நாலாவது குச்சியில் பீடி பற்றியது. புகையை விட்டுவிட்டு மேஸ்திரி கம்பை எடுத்து, வரிசையின் கடைசியில் மெஷின் இருந்த வெற்றிடத்தைத் தட்டினார்.

நான் பள்ளிக்கூடம்வரை ஓடியே போனேன்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் திருவிழாதான். "மெஷின்காரரே" என்று கூப்பிட்டார்கள். சாயங்காலம் கண்ணிமை முடியில்கூட வெள்ளைத் தூசியோடு வருவார். காப்பித் தம்ளரைக் கையில் எடுத்தால் டவராவில் கடகடவென்று ஆடும். மெஷினின் அதிர்வு கையில் தங்கியிருக்கும். "எப்பா கையிலயும் கரண்டு ஓடுது" என்று நான் சொல்ல, அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை களத்தை விட்டுக் கோட்டைக்குத் திரும்பினோம். எங்கள் குள்ளர்களில் கெட்டிக்காரன் ஒருவனுக்குப் பெரிய போர்க்கோடரியைக் கொடுத்து வாசலில் காவல் வைத்தோம். நடுக்கட்டத்து ஆயுதம், இரண்டு கை. நன்றாகவே வெட்டினான். அப்போது புதரிலிருந்து ஏதோ ஒரு சில்லறைப் பிராணி, பேர்கூட ஞாபகமில்லை, அம்பு விட்டது.

"எடா, அவன்டெ ஷீல்டு எவிடெ?" என்று கத்தினான் வீட்டுக்காரம்மா மகன்.

நான் தேடினேன். கேடயம் அவன் காலடியில் கிடந்தது. கோடரியைக் கொடுத்தபோதே கீழே போட்டுவிட்டிருக்கிறான். பிடிக்கக் கை இல்லை.

முதல் அம்பு, இரண்டாவது அம்பு. கீழே வரிகள் ஓடின. அவன் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஞான் அந்நே பறஞ்ஞில்லே, மற்றே கைக்கு ஒரு கட்டம் வேணமெந்நு?" என்றான். அன்றைக்கே சொன்னேன் அல்லவா என்கிறான். அவனுக்கு அது விளையாட்டு. அடுத்த குள்ளனைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டான்.

எனக்கு மேஸ்திரியின் பரீட்சை ஞாபகம் வந்தது. முதுகுக்குப் பின்னால் கட்டிய இடது கை. பழைய மெஷின்காரர் சாரத்தின் மேலே நின்று வேலை செய்வதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! மெஷினின் பின்பக்கத்தை இடுப்பில் முட்டுக்கொடுத்து, வலது கையால் அழுத்தி, இடது கையால் சாரத்தின் மூங்கிலைச் சுற்றிப் பிடித்திருப்பார். அந்தக் கைக்காகத்தான் அந்தப் பரீட்சை.

உறையைக்கூடப் போடாமல் வீட்டுக்கு ஓடினேன். அப்பா வாசலில் நின்று, அம்மிக்குழவியை மெஷின் மாதிரி இரண்டு கையால் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரருக்கு வேலையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். வாயாலேயே 'டர்ர்ர்' என்று சத்தம் வேறு. என்னைக் கண்டதும் குழவியை இறக்கினார்.

"இந்தா வாரான் பாருங்க. இவந்தான் எனக்குச் சொல்லிக் குடுத்த வாத்தியாரு."

பக்கத்து வீட்டுக்காரர் என் தலையைத் தடவினார். உள்ளே மீன்குழம்பு கொதிக்கிற மணம். அப்பாவின் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம், "எப்பா" என்று ஆரம்பித்தேன். "என்னல?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றேன். புதன்கிழமை அவர் தூசியோடு வந்து தம்ளரை இரண்டு கையால் எடுத்தபோது அம்மா மறுபடி சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

வியாழக்கிழமை மணல் இறக்கிவிட்டுப் பின்னால் வந்த ஒரு லாரி சாரத்தின் கீழ்க்கம்பில் இடித்தது. மேலே மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு பேர் ஒரு கையால் கம்பைப் பிடித்துத் தொங்கிவிட்டார்கள். அப்பா விழுந்தார். ஒரு மாடி உயரம். பாதி மணலில், பாதி கல்லில். பார்த்தவர்கள் சொன்னார்கள், விழும்போதும் மெஷினை விடவில்லையாம். பிள்ளையை அணைக்கிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தாராம்.

இடது மணிக்கட்டும் இடுப்பும் போயிற்று. ஆசுபத்திரிக்கு மேஸ்திரி ஒரு பை ஆரஞ்சோடு வந்தார். கட்டிலைச் சுற்றி ஒரு தடவை நடந்துவிட்டு, "மெஷினுக்கு ஒண்ணும் ஆகலவே" என்றார்.

"ஆகலியா?" என்று அப்பா தலையைத் தூக்கினார். "நல்லதாப் போச்சு."

அந்த மேஸ்திரியை வெகுநாள் வெறுத்தேன். இப்போது முடியவில்லை. அவர் வைத்த பரீட்சை சரியானதுதான். ஒரே ஒரு தடவை தளர்த்தினார், அதுவும் நான் சொல்லிக் கொடுத்து.

அப்பா அப்புறம் உளியும் பிடிக்கவில்லை. அவர் பள்ளம் வெட்டிய அதே பிளாட்டில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். உளி ஜன்னலில் கொஞ்ச காலம் இருந்தது. டியூப் வெடித்து உதிர்ந்து, துருப்பிடித்து, ஒருநாள் பழைய இரும்போடு போய்விட்டது. நோட்டின் கடைசிப் பக்கத்தை நான் கிழித்துப் போட்டேன். மற்ற பக்கங்கள் எங்கே போயின என்று தெரியாது. வீட்டுக்காரம்மா வீட்டுக்கு அதன் பிறகு போகவில்லை. அவன் இரண்டு மூன்று தடவை வந்து கூப்பிட்டுப் பார்த்தான். "வயித்து வலி" என்று சொல்லி அனுப்பினேன்.

அப்பாவிடம் சொன்னது எப்போது தெரியுமா? மூத்தவள் பிறந்த வருஷம். ஒரு மத்தியானம் சோறு கொண்டு போனேன். வாட்ச்மேன் அறையில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வெளியே வெயில். ரேடியோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தது. எனக்கும் ஒரு பிள்ளை வந்துவிட்டது, இனியும் வைத்திருக்க முடியாது என்று தோன்றிவிட்டது. குள்ளன், கோடரி, கேடயம், ஞாயிறு முதல் புதன்வரை சொல்லாமல் விழுங்கியது, எல்லாவற்றையும் கொட்டினேன்.

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை.

"இதத்தான் இத்தன வருசமாத் தூக்கிட்டுத் திரியுதியா?" என்றார். "எனக்கு மொத நாளே தெரியும்ல."

"என்னது?"

"மேல ஏறி மெஷினப் போட்டதுமே இந்தக் கை தானா கம்பத் தேடிச்சு." கோணல் மணிக்கட்டைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். "போக முடியல. ஒரு கைய எடுத்தா மெஷினு கீழ போயிரும். ரெண்டு கையும் அதுல மாட்டிக்கிட்டா, விழுந்தா பிடிக்கக் கை கிடையாது. இதுக்குக் கம்ப்யூட்டரு வேணுமால?"

"அப்ப எறங்கி வந்து சொல்லியிருக்கலாம்லா?"

"யார்ட்ட சொல்ல? மேஸ்திரிட்டயா? அவன் அந்தால திரும்ப உளியத் தட்டுவான். அது கெடக்கட்டும்." ஒரு வாய் சோற்றை உருட்டினார், சாப்பிடவில்லை. "நீ கோடெல்லாம் போட்டு நோட்டு எழுதி வச்சிருந்த. வீட்டுக்கு வந்தா எம்மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிப்ப. உங்கணக்கு தப்புன்னு எப்படில சொல்ல? அவ்வளவு சந்தோசமா இருந்தியே."

அவர் சந்தோஷமாக இருந்ததால் நான் சொல்லவில்லை. நான் சந்தோஷமாக இருந்ததால் அவர் சொல்லவில்லை. ஒரு சின்ன வீட்டில், எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே விஷயத்தை இரண்டு பேரும் நாள் கணக்கில் மறைத்து வைத்திருக்கிறோம். நடுவில் ஒரு தம்ளர் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துச் சிரித்தோம்.

மூத்தவளே, நீ கேட்டதற்கு இதுதான் பதில். போன் கேடாகவில்லை. உன் குள்ளனுக்கு அந்த வாள் பெரிது. இரண்டு கையாலும் பிடித்தால்தான் நிற்கும். அப்போது கேடயத்துக்குக் கை இல்லை. அதனால் அந்தக் கட்டம் கறுத்துப் போகிறது. உன் விளையாட்டு நல்ல விளையாட்டு. அதை மறைக்காமல் காட்டுகிறது.

நான் இப்போது ஏணி மேல் நின்று வேலை செய்கிறவன். தோள் முன்னைப்போல இல்லை. சில நாள் துளை போடுகிற மெஷினை இரண்டு கையாலும் பிடிக்கிறேன். வீட்டுக்கு வந்து அதைச் சொல்வதில்லை. நீங்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். தம்ளர் ஆடினால் சொல்லுங்கள். நான் ரொம்ப சந்தோஷமாக இருக்கிற நேரமாக இருந்தாலும் பரவாயில்லை, அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.